எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது ஒன்று – விஞ்ஞானி சார்லஸ் ரிஷே

(தோற்றம்: 26.08.1850 – மறைவு: 04.12.1935)



சிலருக்கு இறால் ஒத்துக்காது. சிலருக்குக் கத்தரிக்காய் சாப்பிட்டால் உடம்பெல்லாம் அரிக்கும். சிலருக்குத் தூசி பட்டால் போதும், தும்மலும் இழுப்பும் வந்துவிடும். இதையெல்லாம் நாம் அலர்ஜி என்கிறோம். நல்ல தமிழில் ஒவ்வாமை. இது வெறும் அரிப்போடு நிற்காது, சில நேரம் சில நிமிடங்களிலேயே உயிரையும் எடுத்துவிடும் என்பதைச் சோதனை செய்து நிரூபித்து, அதற்கு ஒரு பெயரும் வைத்தவர்தான் சார்லஸ் ரிஷே. அவருடைய வாழ்க்கையை இந்த இதழில் பார்ப்போம்.

இளமைக் காலம்

சார்லஸ் ரிஷே பிரான்சு நாட்டின் பாரிஸ் நகரில் பிறந்தார். அவருடைய அப்பா ஆல்பிரெட் ரிஷே பெரிய அறுவை சிகிச்சை டாக்டர், மருத்துவப் பேராசிரியர். மகனும் மருத்துவம் படித்தார். ஆனால் அவருக்குக் கதை, கவிதை, நாடகம் எழுதுவதிலும் கொள்ளை ஆசை. மருத்துவரான பிறகும் எழுதுவதை விடவில்லை.

1887-ஆம் ஆண்டு பாரிஸ் மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் பேராசிரியர் ஆனார். உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று படிக்கும் பாடம் அது. வெயில் காலத்தில் நாய் நாக்கைத் தொங்கப்போட்டு ஹா ஹா என்று இரைக்கிறதே, ஏன் தெரியுமா? நமக்கு மாதிரி அதற்கு உடம்பெல்லாம் வியர்க்காது. இரைப்பதன் மூலம்தான் அது தன் உடம்புச் சூட்டைத் தணிக்கிறது. இதையும் ஆராய்ந்து காட்டியவர் ரிஷேதான்.

ரத்தத்தில் இருக்கும் பாதுகாப்பு

1888-ல் ரிஷேயும் அவருடைய நண்பர் எரிக்கூரும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கிருமியால் நோய் வந்து பிழைத்த நாயின் ரத்தத்தை எடுத்து முயலுக்குச் செலுத்தினார்கள். பிறகு அந்த முயலுக்கு அதே கிருமியைச் செலுத்தினார்கள். முயல் தாக்குப்பிடித்தது! நோயை எதிர்க்கும் சக்தி ரத்தத்திலேயே இருக்கிறது, அதை ஓர் உயிரிலிருந்து இன்னோர் உயிருக்குக் கொடுக்கலாம் என்று இதில் தெரிந்தது.

இரண்டு வருடம் கழித்து 1890-ல் ஜெர்மனியில் பெரிங், கிடசாட்டோ என்ற இருவர் இதே வழியில் ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் மாற்று மருந்து காட்டினார்கள். 1901-ல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு பெரிங்குக்குக் கிடைத்தது. ரிஷே இதே முறையைக் காசநோய்க்கு முயன்று பார்த்தார். அது பலிக்கவில்லை. ஆனாலும் அவர் சோர்ந்துபோகவில்லை.

கப்பலில் ஒரு ஆராய்ச்சி

மொனாகோ என்பது ஐரோப்பாவில் உள்ள மிகச் சின்ன நாடு. அதன் மன்னர் முதலாம் ஆல்பர்ட்டுக்குக் கடல் ஆராய்ச்சி என்றால் உயிர். 1901-ல் அவர் தன் சொந்தக் கப்பலில் ரிஷேயையும் பால் போர்த்தியே என்ற விஞ்ஞானியையும் அட்லாண்டிக் கடலுக்கு அழைத்துப்போனார்.

அந்தக் கடலில் போர்த்துகீசியப் போர்க்கப்பல் என்று ஒரு உயிரினம் மிதக்கும். பேரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். பார்க்க ஜெல்லி மீன் மாதிரி இருக்கும். ஆனால் அதன் நீளமான இழைகள் மேலே பட்டால் தீயாய் எரியும். அந்த விஷம் என்ன செய்கிறது என்று கண்டுபிடியுங்கள் என்பதுதான் மன்னர் கொடுத்த வேலை. கப்பலிலேயே ஆராய்ச்சி தொடங்கியது.

பாரிஸ் திரும்பிய பிறகு அந்த உயிரினம் கிடைக்கவில்லை. அதனால் அதற்குச் சொந்தமான கடல் சாமந்தி என்ற உயிரினத்திலிருந்து விஷம் எடுத்தார்கள். எவ்வளவு விஷம் கொடுத்தால் ஆபத்து என்று அளக்க நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். அதிக விஷம் போனவை இறந்தன. குறைந்த அளவு போனவை பிழைத்தன. பிழைத்த நாய்களைச் சில வாரம் வளர்த்து, நன்றாகத் தேறிய பிறகு மறுபடியும் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

நெப்டியூன் என்ற நாய்

இங்கேதான் நண்பர்களே, கதையே மாறுகிறது!

நெப்டியூன் என்று ஒரு நாய். நல்ல வாட்டசாட்டமான நாய். முதல் ஊசி போட்டபோது அதற்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. நன்றாகச் சாப்பிட்டது, ஓடியது, விளையாடியது. பிறகு 1902 பிப்ரவரியில் இரண்டாவது ஊசி போட்டார்கள்.

அந்தக் காலத்தில் டாக்டர்கள் எல்லோரும் என்ன நினைத்தார்கள்? ஒரு தடவை வந்து பிழைத்தால் உடம்புக்குப் பழகிவிடும், அடுத்த தடவை அது நம்மைக் காக்கும் என்று நினைத்தார்கள். அம்மை ஒரு முறை வந்தவருக்கு மறுபடி வருவதில்லை அல்லவா, அது மாதிரி. அப்படிப் பார்த்தால் நெப்டியூன் முன்னைவிடத் தெம்பாகத் தாங்கியிருக்க வேண்டும்.

நடந்தது என்ன? ஊசி போட்ட சில விநாடிகளிலேயே மூச்சு வாங்கியது. நிற்க முடியாமல் ஒருபக்கமாகச் சாய்ந்தது. ரத்தமாக வாந்தி எடுத்தது. 25 நிமிடத்தில் உயிர் போய்விட்டது. படிக்கும்போது எனக்கு முதலில் அந்த வாயில்லா ஜீவன் மேல்தான் பாவமாக இருந்தது.

வேறு ஒருவராக இருந்தால் ஊசியில் ஏதோ கோளாறு, நாய்க்கு ஏற்கெனவே நோய் இருந்திருக்கும் என்று விட்டிருப்பார்கள். ரிஷேயும் போர்த்தியேயும் விடவில்லை. தாங்கள் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக நடந்தாலும், நடந்ததைத்தான் நம்பினார்கள். மறுபடி மறுபடி செய்து பார்த்தார்கள். மற்ற நாய்களுக்கும் அதே கதிதான். முதல் ஊசி உடம்பைப் பழக்கவில்லை, தூண்டிவிட்டிருக்கிறது! அந்தத் தூண்டுதல் உள்ளே வளர்வதற்குச் சில வாரம் ஆகிறது. அதன் பிறகு கொஞ்சம் பட்டாலும் உடம்பு கொந்தளிக்கிறது.

கிரேக்க மொழியில் பிலாக்சிஸ் என்றால் பாதுகாப்பு. இது அதற்கு எதிரானது என்பதால் ரிஷே இதற்கு அனாபிலாக்சிஸ் என்று பெயர் வைத்தார். இன்றும் உலகம் முழுக்க டாக்டர்கள் இந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். 1907-ல் இன்னொன்றும் காட்டினார். இப்படித் தூண்டப்பட்ட நாயின் ரத்த நீரை வேறு நாய்க்குச் செலுத்தினால், அந்த நாய்க்கும் அதே குணம் வந்துவிடுகிறது. அதாவது, காக்கும் பொருள் இருக்கிற அதே ரத்தத்தில்தான் தாக்க வைக்கும் பொருளும் இருக்கிறது!

1913-ல் ரிஷேக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

பல வேலை பார்த்தவர்

ரிஷே சும்மா இருக்கும் ஆள் இல்லை. பறக்கும் இயந்திரம் செய்வதில் அவருக்கு ஆர்வம். 1907-ல் பிரெகே சகோதரர்களோடு சேர்ந்து, ஹெலிகாப்டருக்கு முன்னோடியான ஒரு இயந்திரம் செய்தார். நான்கு மூலையிலும் ஆட்கள் பிடித்துக்கொள்ள, அது ஓர் ஆளோடு தரையிலிருந்து கொஞ்சம் எழும்பியது. நாடுகள் சண்டை போடக்கூடாது என்று சமாதானத்துக்காகவும் நிறைய எழுதினார்.

அவர் சறுக்கிய இடம்

பெரியவர்கள் வாழ்க்கையை எழுதும்போது நல்லதை மட்டும் எழுதுவது வழக்கம். ஆனால் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

ரிஷே ஆவி பேசுகிறது என்று சொல்பவர்களை நம்பினார். இருட்டு அறையில் உட்கார்ந்து ஆவிகளை ஆராய்ந்தார். ஆவியை வரவழைப்பதாகச் சொன்னவர்களில் சிலர் ஏமாற்றுக்காரர்கள் என்று பிடிபட்டும் அவர் நம்பிக்கையை விடவில்லை. அதைவிட மோசம், மனிதர்களில் சில இனத்தவர் உயர்ந்தவர்கள், சில இனத்தவர் தாழ்ந்தவர்கள் என்றும் எழுதினார். இது முழுக்க முழுக்கத் தவறு. பிரான்சில் அவர் பெயரில் இருந்த ஒரு மருத்துவமனைக்கு இந்தக் காரணத்தால் 2015-ல் பெயரையே மாற்றிவிட்டார்கள். ஹிட்லரின் சிறைமுகாமில் கைதிகள் மேல் சோதனை செய்ய மறுத்த அடெலைட் ஓட்வால் என்ற பெண் டாக்டரின் பெயரை வைத்தார்கள்.

நாயின் விஷயத்தில் கண் முன்னால் நடந்ததை நம்பினார், ஜெயித்தார். ஆவி விஷயத்திலும் இன விஷயத்திலும் மனசு ஆசைப்பட்டதை நம்பினார், சறுக்கினார். எவ்வளவு பெரிய பரிசு வாங்கியவராக இருந்தாலும், அவர் சொன்னார் என்பதற்காக ஒன்று உண்மை ஆகிவிடாது. சோதித்துப் பார்த்தால்தான் உண்மை.

அவருக்குப் பிறகு

1906-ல் ஆஸ்திரியா டாக்டர் பிர்கே அலர்ஜி என்ற சொல்லை உருவாக்கினார். ரிஷே சொன்ன, ரத்தத்தில் இருக்கும் அந்தப் பொருள் எது என்று கண்டுபிடிக்க 1966 வரை ஆயிற்று. ஜப்பானைச் சேர்ந்த இஷிசாகா கணவன் மனைவி இருவரும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். அதற்கு ஐ.ஜி.இ. என்று பெயர். அது நம் உடம்பில் உள்ள சில செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு காவல்காரன் மாதிரிக் காத்திருக்கும். மறுபடி அதே பொருள் வந்தால் செல் வெடித்ததுபோல ஹிஸ்டமின் முதலிய ரசாயனங்களைக் கொட்டிவிடும். அதனால் உடம்பு தடிக்கும், மூச்சுக்குழாய் சுருங்கும், ரத்த அழுத்தம் விழும். ஆஸ்துமா இருப்பவர்களில் பலருக்குத் தூசி, பூந்தூள் பட்டதும் இழுப்பு வருவதற்கும் இந்த ஐ.ஜி.இ.தான் காரணம். இந்த ஐ.ஜி.இ.யையே பிடித்துக் கட்டிவிடும் ஒரு மருந்துக்கு அமெரிக்காவில் 2003-ல் ஆஸ்துமாவுக்கும், 2024-ல் உணவு ஒவ்வாமைக்கும் அனுமதி கொடுத்தார்கள்.

இன்னொரு அதிசயம் கேளுங்கள். நிலக்கடலை ஒவ்வாமை வராமல் இருக்கக் கைக்குழந்தைகளுக்கு அதைக் கொடுக்கவே கூடாது என்று பிரிட்டனில் முன்பு சொல்லிவந்தார்கள். அங்கே ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகமுள்ள 640 குழந்தைகளை வைத்து ஆராய்ந்து 2015-ல் முடிவு வெளியிட்டார்கள். சிறு வயதிலேயே பக்குவமாக நிலக்கடலை சாப்பிட்ட குழந்தைகளுக்கு ஒவ்வாமை சுமார் 80 சதவீதம் குறைந்திருந்தது! இங்கேயும் எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது ஒன்று.

பாம்புக்கடி ஊசியில் ரிஷே

பாரிஸ்காரர் கதை நமக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். வயலும் வரப்புமாக இருக்கிற ஊர்களில் பாம்புக்கடி பயம் எப்போதும் உண்டு. பாம்பு விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்துதான் விஷமுறிவு மருந்து எடுக்கிறார்கள். இதற்கு விஷம் எடுத்துக் கொடுத்தவர்களில் நம் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினரும் உண்டு. ஓர் உயிரின் ரத்தத்தில் உள்ள பாதுகாப்பை இன்னோர் உயிருக்குக் கொடுக்கலாம் என்பது ரிஷே 1888-ல் காட்டியது. அதே மருந்து சிலருக்குக் கடும் ஒவ்வாமை உண்டாக்கலாம் என்பதால் பக்கத்திலேயே அட்ரினலின் ஊசியைத் தயாராக வைத்துக்கொள்கிறார்கள். அந்த ஆபத்து அவர் 1902-ல் காட்டியது. ஒரே பாட்டிலில் அவருடைய இரண்டு கண்டுபிடிப்பும் இருக்கிறது!

தெரிந்து கொள்வோம்

1. போன தடவை ஒன்றும் ஆகவில்லையே என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. நெப்டியூனுக்கும் முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை.

2. ஒரு தோழி இது எனக்கு ஒத்துக்காது என்று சொன்னால் சாக்குச் சொல்கிறாள் என்று கிண்டல் செய்து திணிக்காதீர்கள்.

3. ஊசி போடும் முன் எந்த மருந்தாவது ஒத்துக்காதா என்று நர்ஸ் அக்கா கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

4. குளவி, தேனீ கொட்டிய பிறகோ, ஏதாவது சாப்பிட்ட பிறகோ உதடு, நாக்கு வீங்கினால், மூச்சுத் திணறினால், மயக்கம் வந்தால் கைவைத்தியம் பார்த்து நேரத்தை வீணாக்கக் கூடாது. படுக்க வையுங்கள். மூச்சு விடச் சிரமமாக இருந்தால் மட்டும் உட்கார வையுங்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து. 25 நிமிடம் என்பது நினைவிருக்கட்டும்.

நடப்பதைக் கூர்ந்து பார்ப்போம்! பார்த்ததைச் சோதித்து நம்புவோம்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி