கணையத்தை ஆராய்ந்த கிளாட் பெர்னார்: எண்டோஸ்கோப்பிக்குப் பின் செய்யப்படும் நொதிப் பரிசோதனையை அறிவோம்

பித்தநாளக் கல்லை அகற்ற உங்களுக்கோ உங்கள் குடும்பத்தினருக்கோ இ.ஆர்.சி.பி. எனப்படும் எண்டோஸ்கோப்பி சிகிச்சை செய்யப்பட்டிருக்கலாம். அதன்பின் வயிறு வலித்தால், அமைலேஸ், லைப்பேஸ் ஆகிய நொதிகளின் அளவை அறிய இரத்தம் எடுக்கப்படும். இந்நொதிகள் கூடுவது எதைக் குறிக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, பிரெஞ்சு உடலியங்கியல் அறிஞர் கிளாட் பெர்னாரின் வாழ்க்கை உதவும்.

பெர்னார் 1813 ஜூலை 12 அன்று, பிரான்சில் திராட்சை பயிரிடும் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இளமையில் லியோன் நகர மருந்துக்கடை ஒன்றில் பயிற்சி பெற்றார். நாடக ஆசிரியராவதே அவரது விருப்பம். தாம் எழுதிய நாடகத்துடன் 1834இல் பாரிஸ் சென்றார். அதைப் படித்த திறனாய்வாளர் ஒருவர், மருத்துவம் கற்குமாறு அறிவுறுத்தினார். பெர்னார் அதனை ஏற்று, 1843இல் மருத்துவப் பட்டம் பெற்றார். ஆயினும் ஆய்வுக்கூடமே அவரை ஈர்த்தது.

1846இல், இறைச்சி ஊட்டப்பட்ட முயல்களின் குடலை ஆராய்ந்தபோது, கொழுப்பை ஏந்திச் செல்லும் நுண்குழாய்கள் குடலின் தொடக்கத்தில் வெளுக்காமல், சற்றுத் தொலைவில்தான் பால்போல் வெளுத்திருந்ததை அவர் கண்டார். முயலின் கணைய நாளம் குடலில் திறக்கும் இடமும் அதுவே. கொழுப்புச் செரிமானத்தில் கணையநீருக்குப் பெரும்பங்கு உண்டு என அவர் நிறுவினார். அப்பணியைச் செய்யும் நொதியே லைப்பேஸ். மாவுச்சத்தைச் சிதைப்பது அமைலேஸ்.

நாயின் கணைய நாளத்தினுள் பித்தநீரையும் ஆலிவ் எண்ணெயையும் செலுத்தினால் கணையம் கடுமையாக அழற்சியுறும் என்பதையும் 1856இல் அவர் பதிவு செய்தார். குடலில் உணவைச் செரிக்கும் நீர், கணையத்தினுள்ளேயே செயல்படத் தொடங்கினால் அவ்வுறுப்பையே சிதைக்கும். இவ்வறிவுக்கு அவர் தந்த விலையும் உண்டு. விலங்குகள் மீதான சோதனைகளை அவருடைய மனைவி எதிர்த்தார். பின்னாளில் இருவரும் பிரிந்தனர்.

இனி உங்கள் பரிசோதனைக்கு வருவோம். பித்தநாளமும் கணைய நாளமும் முன்சிறுகுடலில் பெரும்பாலும் ஒரே வாயிலில் திறக்கின்றன. சிகிச்சையின்போது அவ்வாயில் வீங்கினாலோ, கணைய நாளத்தினுள் மருந்துநீர் சென்றாலோ கணையம் காயமுறலாம். இச்சிகிச்சை பெறுவோரில் நூற்றுக்குச் சுமார் 3 முதல் 10 பேருக்குக் கணைய அழற்சி ஏற்படுகிறது. காயமுற்ற செல்களிலிருந்து கசியும் நொதிகள் சில மணி நேரத்திலேயே இரத்தத்தில் கூடுகின்றன. அமைலேஸ் உமிழ்நீர்ச் சுரப்பிகளிலிருந்தும் வருவதால், கணையத்தைச் சுட்டுவதில் லைப்பேஸே கூடுதல் உறுதியானது.

இங்கு ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். சிகிச்சைக்குப் பின் வலியே இல்லாமலும் இந்நொதிகள் கூடுவதுண்டு. அது மட்டும் நோயன்று. புதிதாகத் தோன்றிய வயிற்றுவலியுடன், 24 மணி நேரத்திற்குப் பின்னும் அளவு இயல்பின் மேல் எல்லையைப்போல் 3 மடங்கோ அதற்கு மேலோ இருந்தால், மருத்துவர் கணைய அழற்சி எனக் கருதுவார். சிகிச்சை முடிந்த 2 முதல் 6 மணி நேரத்தில் எடுத்த இரத்தத்தில் அளவு இயல்பாக இருந்தால், அதற்கான வாய்ப்பு குறைவு.

ஆகவே, அறிக்கையிலுள்ள எண்ணைக் கண்டு அஞ்சவும் வேண்டாம். எண் குறைவு என்று வலியைப் பொறுத்துக்கொள்ளவும் வேண்டாம். மேல்வயிற்றில் தோன்றி முதுகுவரை பரவும் வலி, தொடர் வாந்தி, காய்ச்சல் ஆகியவை இருந்தால் செவிலியரிடம் உடனே கூறுங்கள். வீடு திரும்பிய பின் இவை தோன்றினால், வலி மாத்திரையுடன் காத்திராமல் மருத்துவமனைக்கு வாருங்கள். உடனிருப்போர் வலி தொடங்கிய நேரத்தைக் குறித்து வைத்தல் நலம்.

பெர்னார் 1878 பிப்ரவரி 10 அன்று பாரிஸில் காலமானார். பிரெஞ்சு அரசு அவருக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடத்தியது. அந்நாட்டு அறிவியலாளர் ஒருவருக்கு அச்சிறப்பு கிட்டியது அதுவே முதன்முறை. உடல் காட்டும் குறிகளைக் கூர்ந்து நோக்கியே அவர் கணையத்தை அறிந்தார். உங்கள் வலியும் அத்தகைய ஒரு குறியே. அதனை மறைக்காமல் சொல்லுங்கள்.