ஏரியின் ரகசியம் கண்ட ஹம்போல்ட்

ஏரி வற்றிக்கொண்டே வந்தது.

தென் அமெரிக்காவில், இன்று வெனிசுலா என்று அழைக்கப்படும் தேசத்தில், அரகுவா பள்ளத்தாக்கு என்று ஒரு செழிப்பான பிரதேசம். கரும்பு, பருத்தி, அவுரி என்று பணம் கொழிக்கும் பயிர்கள். நடுவே வலென்சியா ஏரி. நீருக்குள் மூழ்கியிருந்த மேடுகள் ஒவ்வொன்றாகத் தலை நீட்டித் தீவுகளாயின. சில தீவுகள் கரையோடு சேர்ந்து குன்றுகளாகவே ஆகிவிட்டன. தண்ணீர் பின்வாங்க வாங்க, விவசாயிகள் அந்தப் புது நிலத்திலும் பயிர் வைத்தார்கள். ஆனால் உள்ளூரப் பயம். ஏரிக்கு அடியில் எங்கோ துவாரம் விழுந்துவிட்டது, அதன் வழியாகத் தண்ணீர் ஓடிவிடுகிறது என்று பேசிக்கொண்டார்கள்.

1800-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அந்தப் பக்கம் ஒரு வெளிநாட்டுக்காரர் வந்து சேர்ந்தார். வயது 30. மூட்டை முடிச்சுகளில் பாதிக்கு மேல் அளவுக் கருவிகள். அவர் ஏரியின் மட்டத்தை அளந்தார். வெயிலில் ஆவியாகும் நீரைக் கணக்கிட்டார். பிறகு தலை நிமிர்ந்து சுற்றியிருந்த மலைகளைப் பார்த்தார். விடை அங்கே இருந்தது. மலைகள் மொட்டையாகக் கிடந்தன!

துவாரம் எதுவும் இல்லை. தோட்டம் போடுவதற்காகக் காட்டை வெட்டிவிட்டார்கள். ஏரிக்கு வந்துகொண்டிருந்த ஓடைகளைப் பாசனத்துக்குத் திருப்பிவிட்டார்கள். மரம் இருந்தவரை அதன் நிழல் மண்ணின் ஈரத்தைக் காத்தது. வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டது. மழைநீர் மெல்ல மெல்ல ஊற்றாக இறங்கி வந்தது. மரம் போனதும் வெயில் நேராக மண்ணில் விழுந்தது. ஊற்றுகள் காய்ந்தன. மழை பெய்தாலோ ஒரே நாளில் வெள்ளமாகப் பாய்ந்து மண்ணையும் அரித்துச் சென்றது.

இதில் என்ன அதிசயம், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்ததுதானே என்று இன்று தோன்றும். ஆனால் அந்தக் காலத்தில் காட்டை அழிப்பதுதான் நாகரிகம் என்று படித்தவர்களிலேயே பலர் எண்ணியிருந்தார்கள். அப்படியல்ல என்று கையில் அளவுகோலோடு காட்டியவர், அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட்.

சுரங்க அதிகாரி

1769-ம் ஆண்டு செப்டம்பர் 14-ந் தேதி பெர்லின் நகரில் ஒரு பணக்காரப் பிரபு குடும்பத்தில் பிறந்தார் ஹம்போல்ட். ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். தாயார் கண்டிப்பானவர். பிள்ளைகள் இருவரும் அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்க்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அண்ணன் வில்ஹெல்ம் பிற்காலத்தில் மொழி ஆராய்ச்சியில் பெரும் புகழ் பெற்றார். தம்பிக்கோ சிறு வயது முதல் தூர தேசத்துக் கனவு. இருந்தாலும் தாயாரின் சொல்லைத் தட்டாமல் சுரங்க அதிகாரி ஆனார். தொழிலாளர்களுக்காகப் பாதுகாப்பு விளக்கு ஒன்றைச் செய்தார். சொந்தப் பணத்தில் பள்ளிக்கூடமும் திறந்தார்.

1796-ல் தாயார் இறந்தார். பெரும் சொத்து கைக்கு வந்தது. வேறொருவராக இருந்தால் மாளிகை கட்டியிருப்பார். ஹம்போல்ட் வேலையை விட்டுவிட்டுக் கப்பல் தேடினார். 1799 ஜூன் மாதம் ஸ்பெயின் நாட்டிலிருந்து கப்பல் ஏறினார். உடன் சென்றவர் போன்பிளான் என்ற பிரெஞ்சுத் தாவர நிபுணர்.

ஐந்து ஆண்டு நீடித்த பிரயாணம் அது. ஒரினோகோ நதியில் ஓடம். கொசுக்கடி சொல்லி மாளாது. அந்த நதிக்கரையில் அவர் கண்ட ஒரு காட்சி குறிப்பிடத்தக்கது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான ஆமைகள் மணலில் முட்டையிடும். விளக்கு எரிக்கும் எண்ணெய்க்காக அந்த முட்டைகளைத் தோண்டி எடுப்பார்கள். முன்பு இருந்த ஏசு சபைப் பாதிரிமார்கள் கரையில் ஒரு பகுதியைத் தோண்டாமல் விட்டுவைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் எல்லாவற்றையும் தோண்டினார்கள். ஆமைகள் குறையத் தொடங்கின. முத்துக் குளித்த கடலோரத்தில் சிப்பிகள் அற்றுப்போனதையும், ஜுர மருந்துக்காகச் சிங்கோனா மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டதையும் அவர் இதே கண்ணோடு பார்த்தார். குமானா நகரில் அவர் தங்கிய வீட்டுக்கு அருகிலேயே அடிமைச் சந்தை. கரும்புத் தோட்டம் காட்டையும் தின்றது, மனிதனையும் தின்றது என்பதை அவர் கடைசி வரை மறக்கவில்லை.

மலை சொன்ன கணக்கு

1802 ஜூன் 23. ஈக்வடாரில் உள்ள சிம்பொராசோ சிகரம். உயரம் 20,500 அடி. உலகிலேயே உயரமான மலை இதுதான் என்று அப்போது நம்பினார்கள். பனி தொடங்கியதும் கூலியாட்கள் திரும்பிவிட்டார்கள். ஹம்போல்ட்டும் தோழர்களும் விடவில்லை. செருப்பு கிழிந்தது, ஈறுகளில் ரத்தம் கசிந்தது, மூச்சுத் திணறியது. 19,000 அடிக்கு மேல் ஒரு பெரும் பிளவு குறுக்கிட்டது. அதற்கு மேல் போக முடியவில்லை. ஆனாலும் அதுவரை அவ்வளவு உயரம் ஏறியதாகப் பதிவு செய்தவர் எவரும் இல்லை.

சிகரத்தைத் தொடவில்லையே தவிர, அதைவிடப் பெரிய ஒன்றோடு அவர் இறங்கி வந்தார். அடிவாரத்தில் பனை இனங்களும் அடர்ந்த மழைக்காடும். அதற்கு மேல் சிங்கோனாவும் பெரணியும். பிறகு குளிர்நாட்டு ஓக் மரங்கள். பிறகு புதர், புல், பாறைப் பாசி, கடைசியில் பனி. பூமத்திய ரேகையிலிருந்து துருவம் வரை நடந்தால் காணக்கூடியது எல்லாம் ஒரே மலையில் அடுக்கடுக்காக இருந்தது! ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் பார்த்ததும் இதே ஒழுங்குதானே என்று அவருக்குப் புலப்பட்டது. ஒவ்வொரு செடியும் தன் சீதோஷ்ணத்துக்கு ஏற்ற இடத்தில் நிற்கிறது. உலகம் முழுவதும் இதற்கு ஒரே கணக்கு. இதை ஒரு பெரிய படமாக வரைந்து 1807-ல் வெளியிட்டார். மழைக்காடு, புல்வெளி, பாலைவனம், துந்திரப் பிரதேசம் என்று உலகத்தைப் பிரித்து நாம் பூகோளத்தில் படிப்பதற்கு அந்தப் படம் ஒரு முக்கியமான தொடக்கம்.

1804-ல் ஐரோப்பா திரும்பினார். பாரிஸ் நகரில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்து புத்தகம் புத்தகமாக வெளியிட்டார். தாயார் விட்டுச் சென்ற சொத்து அச்சுக்கூடத்துக்கும் படத்துக்கும் கரைந்தது.

வலென்சியா ஏரிக்கு என்ன ஆயிற்று? சுமார் 20 ஆண்டு கழித்துப் பூசிங்கோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி அங்கே போனார். ஏரி நிறைந்திருந்தது! ஹம்போல்ட் கண்ட தீவுகள் சில மூழ்கியிருந்தன. இடையில் சுதந்திரப் போர் நடந்து தோட்டங்கள் பாழாகிவிட்டன. பாசன வாய்க்கால்கள் தூர்ந்தன. காடு மீண்டும் வளர்ந்துவிட்டது. அவர் கணக்கு சரிதான் என்று ஏரியே சாட்சி சொன்னது. (பின்னர் அது மீண்டும் வற்றியது. 20-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகரத்துச் சாக்கடை நீர் சேர்ந்து மட்டம் உயர்ந்தது. நிறைந்தது ஏரி, கெட்டது தண்ணீர்.)

திறக்காத கதவு

சிம்பொராசோவில் கண்ட கணக்கை இமயமலையில் சரிபார்க்க வேண்டும் என்பது ஹம்போல்ட்டின் தீராத ஆசை. 1814 முதல் பல முறை லண்டன் சென்று கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதியை நாடினார். ஆண்டுகள் ஓடின. அனுமதி கிடைக்கவே இல்லை. ஸ்பெயின்காரர்களின் குடியேற்ற ஆட்சியை அவர் கண்டித்து எழுதியதைப் படித்தவர்கள், இங்கே வந்தால் நம்மைப் பற்றி என்ன எழுதுவாரோ என்று அஞ்சியிருக்கலாம்.

இந்தியா இல்லாவிட்டால் ரஷ்யா. 1829-ல், 60 வயதை நெருங்கும் சமயத்தில், சார் சக்கரவர்த்தியின் அழைப்பின் பேரில் யூரல் மலையையும் சைபீரியாவையும் குதிரை வண்டியில் சுற்றினார். அரசியல் பேசக்கூடாது என்று நிபந்தனை. அவர் காட்டைப் பற்றிப் பேசினார். சுரங்க உலைகளுக்காக விறகு வெட்டுவது அவர் கண்ணை உறுத்தியது. 1843-ல் வெளிவந்த மத்திய ஆசியா பற்றிய நூலில், மனிதன் சீதோஷ்ணத்தை மூன்று வழிகளில் மாற்றுகிறான் என்று எழுதினார். ஒன்று காடழிப்பு. இரண்டு தண்ணீரைத் திருப்பிவிடுவது. மூன்றாவது, தொழில் நகரங்கள் கக்கும் நீராவியும் வாயுவும். ரயில் வண்டி இன்னும் புதுமையாக இருந்த காலம் அது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்!

அவருக்கு இந்தியாவின் கதவு திறக்கவில்லை. அவர் கருத்துக்குத் திறந்தது. மரம் போனால் மழையும் ஊற்றும் போகும் என்ற வாதத்தைக் கம்பெனியின் டாக்டர்கள் சிலரே கையில் எடுத்தார்கள். சென்னையில் எட்வர்ட் பால்பர் 1849-ல் இதைப் பற்றி எழுதினார். டாக்டர் ஹ்யூ கிளெக்ஹார்ன் 1856-ல் சென்னை மாகாணத்தின் முதல் வனக் காப்பாளராக நியமிக்கப்பட்டார். சட்டத்தின் சுமை மலைவாசிகளின் தலையில்தான் முதலில் விழுந்தது. காட்டை எரித்துப் பயிரிடும் அவர்கள் வழக்கம் தடுக்கப்பட்டது. ரயில் பாதைக்கு மரம் போய்க்கொண்டுதான் இருந்தது.

கடைசிக் காலத்தில் பெர்லினில் மன்னரின் தயவில் வாழ்ந்தார் ஹம்போல்ட். பகலில் அரசவை, இரவில் எழுத்து. உலகம் முழுவதையும் ஒரே நூலில் அடக்க முயன்ற அவருடைய ‘காஸ்மாஸ்’ 1845 முதல் வெளிவந்தது. ஆண்டுக்குச் சுமார் 3,000 கடிதங்கள் வந்து குவிந்தன. தயவு செய்து எனக்குக் கடிதம் எழுதுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் 1859 மார்ச் மாதம் அவர் பத்திரிகைகளில் வேண்டுகோள் வெளியிட வேண்டியதாயிற்று!

அடுத்த மாதம் ‘காஸ்மாஸ்’ ஐந்தாம் பாகத்தின் கையெழுத்துப் பிரதியை அனுப்பினார். மே 6-ந் தேதி காலமானார். வயது 89. மணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் மிஞ்சியிருந்த புத்தகங்களும் கருவிகளும், ரஷ்யப் பிரயாணத்திலும் உடன் வந்த பழைய வேலைக்காரர் ஸைபர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தன.