வில்பர் சிராம்

வில்பர் லாங் சிராம் (ஆகஸ்ட் 5, 1907 - டிசம்பர் 27, 1987) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த தொடர்பியல் அறிஞர், எழுத்தாளர், பேராசிரியர் ஆவார். தொடர்பியல் என்ற கல்வித்துறையை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நிலைநிறுத்தியவர் என இவர் பரவலாக அறியப்படுகிறார். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் காட்சித் தொடர்பியலும் இதழியலும் பயில்வோர் முதற்பருவத்திலேயே இவரது பெயரைச் சந்திக்கின்றனர். ஆயினும் பாடநூல்களில் இவர் பெரும்பாலும் ஒரு வட்டப் படத்துக்குரியவராக மட்டுமே வந்து போகிறார். இவர் வரைந்த படங்களைவிட இவர் தொடங்கிய துறைகளே நெடுங்காலம் நிலைத்தன.

இளமையும் திக்குவாயும்

சிராம் ஒகையோ மாநிலத்தின் மாரியெட்டா நகரில், செருமானிய வழிவந்த குடும்பமொன்றில் பிறந்தார். ஐந்து வயதில் தொண்டைச் சதையை அகற்றச் செய்த சிகிச்சை சரியாக அமையாததால் இவருக்குக் கடுமையான திக்குவாய் ஏற்பட்டது. பள்ளியில் முதல் மாணவராகத் தேறியபோது, மரபுப்படி ஆற்ற வேண்டிய உரைக்குப் பதிலாக இவர் புல்லாங்குழல் வாசித்தார்.

1928 இல் மாரியெட்டா கல்லூரியில் பட்டம் பெற்றபின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பகுதிநேர வேலைகள் பல செய்து, 1930 இல் முதுகலைப் பட்டம் பெற்றார். அதன்பின் இவர் அயோவா பல்கலைக்கழகத்துக்குச் சென்றதற்குத் திக்குவாயே முதன்மைக் காரணம். பேச்சுக் குறைபாடுகளுக்கான புகழ்பெற்ற சிகிச்சை நிலையம் அங்கிருந்தது. குறை முற்றிலும் நீங்கவில்லை எனினும் வகுப்பெடுக்கும் அளவுக்குப் பேச்சு சீரடைந்தது. 1932 இல் ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்ற சிராம், அடுத்த இரண்டு ஆண்டுகள் கார்ல் சீசோர் என்ற உளவியலாளரின் கீழ் ஆய்வு செய்தார். இலக்கிய மாணவர் ஒருவர் ஆய்வுக்கூடச் சோதனையையும் புள்ளியியலையும் கற்றுக்கொண்ட அந்த இரண்டு ஆண்டுகள் பின்னாளில் இவருக்குப் பெரிதும் பயன்பட்டன.

1936 இல் அயோவா எழுத்தாளர் பட்டறை உருவானபோது அதன் முதல் இயக்குநராகச் சிராம் இருந்தார். படைப்பிலக்கியத்தைப் பல்கலைக்கழகப் பட்டத்துக்குரிய பாடமாக்கிய முன்னோடி அமைப்புகளுள் அது ஒன்று. இவரே சிறுகதைகள் எழுதினார். 1942 இல் ஓ ஹென்றி பரிசுகளின் மூன்றாம் பரிசும் இவருக்குக் கிடைத்தது. இந்தப் பாதையிலேயே சென்றிருந்தால் இவர் இன்று இலக்கிய வரலாற்றில் மட்டும் இடம்பெற்றிருப்பார்.

போரும் திருப்பமும்

1941 டிசம்பரில் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டு அமெரிக்கா போரில் இறங்கியதும், கவிஞர் ஆர்ச்சிபால்ட் மக்லீஷ் தலைமை வகித்த அரசுத் தகவல் அலுவலகத்தில் சிராம் சேர்ந்தார். பின்னர் அது போர்த் தகவல் அலுவலகத்தில் இணைக்கப்பட்டது. மக்களின் மனவுறுதியைக் குலையாமல் காப்பது எப்படி, எந்தச் செய்தியை எந்த ஊடகம் வழியாகச் சொல்வது என்ற கேள்விகள் அங்கே அன்றாட அலுவலாக இருந்தன. இவற்றுக்கு விடை காண உளவியலாளரும் சமூகவியலாளரும் அரசறிவியலாளரும் வாசிங்டனில் ஒன்றுகூடினர். பல்கலைக்கழகங்களில் தனித்தனிக் கட்டடங்களில் இருந்தவர்கள் அங்கே ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தனர். தொடர்பியலைத் தனித் துறையாகக் காணும் எண்ணம் சிராமுக்கு இச்சூழலில்தான் உருப்பெற்றது எனத் துறையின் வரலாற்றை எழுதிய எவரெட் ரோஜர்ஸ் கருதுகிறார்.

அயோவாவிலிருந்து ஸ்டான்போர்டு வரை

1943 இல் அயோவாவுக்குத் திரும்பிய சிராம் இதழியல் பள்ளியின் இயக்குநரானார். அக்காலத்தில் அமெரிக்க இதழியல் பள்ளிகள் செய்தி எழுதவும் தலைப்பிடவும் பயிற்றுவித்தன. சிராம் அங்கே வெகுசனத் தொடர்பியலில் முனைவர் பட்டப் படிப்பைத் தொடங்கினார். செய்தியறையில் பல்லாண்டுகள் உழைத்த ஆசிரியர்கள் இதை எளிதில் ஏற்கவில்லை. ஒரு நாளும் செய்தி சேகரித்தறியாத புள்ளியியலாளர்கள் இதழியல் கற்பிக்க வருகிறார்கள் என்பது அவர்களது மனக்குறை. இது வெறும் பொறாமையன்று. அடுத்த சில பத்தாண்டுகளில் பேராசிரியர் பணிக்கு முனைவர் பட்டம் எதிர்பார்க்கப்பட்டபோது, அவர்கள் அஞ்சியது பல இடங்களில் நடக்கவே செய்தது.

1947 இல் சிராம் இலினாய் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, தொடர்பியல் ஆய்வு நிறுவனத்தை அமைத்தார். அங்கே பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் பொறுப்பும் இவரிடம் இருந்தது. கிளாட் சானனின் தகவல் கோட்பாட்டுக் கட்டுரையை வாரன் வீவரின் விளக்கத்துடன் சேர்த்து 1949 இல் நூலாக வெளியிட்டது அப்பதிப்பகமே. கணினித் துறையினர் அனைவரும் போற்றும் இந்நூலை வெளிக்கொணர்ந்தவர் இதழியல் பள்ளியிலிருந்து வந்த ஒரு சிறுகதை எழுத்தாளர் என்பது பலர் அறியாத செய்தி.

சானனின் மாதிரியில் செய்தி ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் செல்கிறது. தொலைபேசிக் கம்பிக்கு இது போதும். மனிதர்களுக்குப் போதாது எனக் கண்ட சிராம், சார்லஸ் ஆசுகுட்டின் கருத்துகளை ஏற்று, 1954 இல் அதனை வட்டமாக மாற்றினார். அதன்படி இருவரில் ஒவ்வொருவரும் குறியிடுபவராகவும் பொருள்கொள்பவராகவும் குறிவிலக்குபவராகவும் இருக்கின்றனர். இருவரது அனுபவ வெளிகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில்தான் புரிதல் நிகழ்கிறது. அவை படியாவிட்டால் சொற்கள் சென்று சேர்ந்தும் பொருள் சென்று சேராது.

1955 இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்த சிராம், 1957 முதல் 1973 வரை அங்குள்ள தொடர்பியல் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். அங்கே பயின்றவர்கள் நாடெங்கும் புதிய துறைகளில் ஆசிரியர்களாயினர். ஜாக் லைல், எட்வின் பார்க்கர் ஆகியோருடன் இவர் 1961 இல் வெளியிட்ட, தொலைக்காட்சியும் சிறுவரும் பற்றிய நூல் அக்காலத்து முதன்மையான ஆய்வு. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ 6,000 சிறுவர்கள் அதற்காக ஆராயப்பட்டனர். தொலைக்காட்சி வந்த ஊரும் வராத ஊரும் ஒப்பிடப்பட்டன. தொலைக்காட்சி சிறுவர்களுக்கு என்ன செய்கிறது என்று மட்டும் கேளாமல், சிறுவர்கள் தொலைக்காட்சியைக் கொண்டு என்ன செய்கின்றனர் என்றும் அந்நூல் கேட்டது.

துறை வாடுகிறதா?

1959 இல் பெர்னார்டு பெரல்சன் என்ற ஆய்வாளர், தொடர்பியல் ஆய்வு வாடி வருவதாக எழுதினார். ஹரால்டு லாஸ்வெல், பால் லாசர்சுபெல்டு, கர்ட் லெவின், கார்ல் ஹோவ்லண்டு ஆகிய நால்வரின் கருத்துகள் ஓய்ந்துவிட்டன, அவர்களுக்கு நிகரானோர் வரவில்லை என்பது அவரது வாதம். லெவின் அப்போது உயிருடன் இல்லை. மற்றவர்களுள் பலரது கவனமும் வேறு பக்கம் திரும்பியிருந்தது. அதே இதழில் மறுமொழி அளித்த சிராம், இது பல துறையினர் கடந்து செல்லும் ஒரு நாற்சந்தி, சிலரே அங்கே தங்குகின்றனர் என்ற கருத்தை முன்வைத்தார். தங்கிய சிலருள் இவரும் ஒருவர். அந்த நால்வரும் தத்தம் துறையினராகவே இருந்தனர். நாற்சந்தியில் வீடு கட்டியவர் சிராம்.

திறனாய்வுகள்

அந்த வீட்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி பின்னர் எழுந்தது. கொரியப் போரின்போது சிராம் அமெரிக்க வான்படைக்காக ஆய்வு செய்து, சியோல் நகரம் பொதுவுடைமைப் படையினர் வசமிருந்த நாள்களைப் பற்றி ஜான் ரைலியுடன் 1951 இல் நூல் வெளியிட்டார். 1954 இல் வந்த இவரது புகழ்பெற்ற தொகுப்பு நூலும் அமெரிக்கத் தகவல் முகமையின் பயிற்சித் தேவைக்காகத் தொடங்கப்பட்டதே. கிறிஸ்டோபர் சிம்சன் 1994 இல் வெளியிட்ட நூல், இத்துறையின் தொடக்கக்கால வளர்ச்சி உளவியல் போருக்கான அரசு நிதியைப் பெரிதும் சார்ந்திருந்ததை விரிவாகக் காட்டியது. சீபர்ட், பீட்டர்சன் ஆகியோருடன் சேர்ந்து எழுதப்பட்டு 1956 இல் வெளிவந்த பத்திரிகைக் கோட்பாடுகள் நூலில் சோவியத் கோட்பாட்டைப் பற்றிய பகுதி சிராமுடையது. பனிப்போர்க் காலத்துப் பார்வை அதில் வெளிப்படையாகவே தெரிகிறது. இதனால் அவரது ஆய்வுகள் அனைத்தும் பொய்யாகிவிடா. எனினும் எந்தக் கேள்விகள் கேட்கப்பட்டன, எவை கேட்கப்படவில்லை என்பதில் நிதி தந்தோரின் தேவைக்குப் பங்கிருந்தது என்பதை மறுக்க இயலாது.

பிற நாடுகளில்

1964 இல் யுனெசுக்கோவுக்காக எழுதிய நூலில், வளரும் நாடுகளின் முன்னேற்றத்தை வெகுசன ஊடகங்கள் விரைவுபடுத்தும் எனச் சிராம் வாதிட்டார். இந்தியாவிலும் இவரது செல்வாக்கு இருந்தது. இவர் பங்கேற்ற போர்டு அறக்கட்டளை வல்லுநர் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து உருவான இந்திய மக்கள் தொடர்பியல் கழகத்தை, அப்போது தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராயிருந்த இந்திரா காந்தி 1965 ஆகஸ்ட் 17 அன்று புது தில்லியில் தொடங்கி வைத்தார்.

பத்தாண்டுகளுக்குப் பின் எதிர்பார்த்த முன்னேற்றம் பல நாடுகளில் வரவில்லை. 1973 இல் ஹவாயின் கிழக்கு மேற்கு மையத்துக்குச் சென்றிருந்த சிராம், தம் பழைய கருத்தை மறுபரிசீலனை செய்தார். 1977 இல் வெளிவந்த நூலில், செலவு மிகுந்த தொலைக்காட்சியைவிட வானொலி போன்ற சிறு ஊடகங்கள் கல்விக்குப் பல இடங்களில் ஏற்றவை என எழுதினார்.

மறைவு

சிராம் 1987 டிசம்பர் 27 அன்று ஹவாயின் ஹொனலூலு நகரில் காலமானார். அமெரிக்காவில் தொடர்பியலின் தொடக்கத்தைப் பற்றி அவர் எழுதி முடிக்காது விட்ட நூலை ஸ்டீவன் சாபி, எவரெட் ரோஜர்ஸ் ஆகியோர் பதிப்பித்து 1997 இல் வெளியிட்டனர். அதில் சிராம் லாஸ்வெல் முதலான நால்வரையே முன்னோடிகளாகக் காட்டியிருந்தார். சிராமைப் பற்றிய பகுதியைப் பதிப்பாசிரியர்களே எழுதிச் சேர்த்தனர்.