விளாச்சேரி தந்த நாடகப் பேராசிரியர்

யானைமலை அடிவாரத்திலுள்ள எங்கள் ஒத்தக்கடையிலிருந்து மதுரை நகரைக் கடந்து தென்மேற்கே சென்றால், திருப்பரங்குன்றத்தை அடுத்து விளாச்சேரி என்னும் சிற்றூர் உள்ளது. களிமண் பொம்மைகளுக்குப் பெயர் பெற்ற அவ்வூர், தமிழ் நாடகத்திற்கு ஒரு மாமணியையும் தந்தது. அவரே பரிதிமாற் கலைஞர்.

1870-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் கோவிந்த சிவனாருக்கும் இலட்சுமி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சூரியநாராயணர். சூரியனைப் பரிதி என்றும், நாராயணனை மால் என்றும், சாஸ்திரியைக் கலைஞர் என்றும் மாற்றித் தம் பெயரைத் தூய தமிழாக்கிக் கொண்டார்.

மதுரையில் சபாபதி முதலியாரிடம் தமிழ் கற்றபின், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் சேர்ந்தார். ஒருநாள் முதல்வர் மில்லர், படகுத் துடுப்பை அன்னத்தின் அசைவுக்கு ஒப்பிடும் டென்னிசனின் உவமையை வியந்து பாடம் நடத்தினார். கம்பர் அதனைப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே பாடியுள்ளார் என்று இம்மாணவர் எடுத்துக்காட்டி, ஆசிரியரின் அன்பைப் பெற்றாராம். பின்னர் அக்கல்லூரியிலேயே தமிழாசிரியராக விளங்கினார்.

துன்பத்தில் முடியும் நாடகம் கிரேக்க நாட்டில் தழைத்தது. உடன்பிறந்தானை அடக்கம் செய்த குற்றத்திற்காகக் குகையில் அடைக்கப்பட்டு மாண்ட ஆண்டிகனியின் கதையைச் சோபகிளிஸ் ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் நாடகமாக்கினார். வடமொழி நாடக மரபிலோ துயர முடிவு வழக்கமில்லை. இரு மரபுகளையும் கற்ற நம் கலைஞர், 1897-இல் 'நாடகவியல்' என்னும் இலக்கண நூலை இயற்றினார். துன்பியல் நாடகம் எழுத முனைந்தபோது, அவர் அயல்நாட்டுக் கதையைத் தேடவில்லை. சங்க நூலைப் புரட்டினார்.

சேரமான் கணைக்கால் இரும்பொறை, சோழன் செங்கணானிடம் தோற்றுச் சிறைப்பட்டான். தாகத்திற்குத் தண்ணீர் கேட்டான். காவலர் காலம் தாழ்த்தி, மதியாமல் கொடுத்தனர். அந்நீரைப் பருகாமல் அவன் உயிர் நீத்தான். புறநானூற்றில் சில அடிகளில் அடங்கிய இத்துயரை அவர் செய்யுள் நாடகமாக விரித்தார். போரில் தோற்றவனின் கதைக்கு அவர் இட்ட பெயர் 'மானவிசயம்', அதாவது மானத்தின் வெற்றி! ஆண்டிகனியும் சேரமானும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் இருவரும் உயிரினும் ஒன்றைப் பெரிதாக மதித்தனர்.

1902-ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழை நீக்கும் முயற்சி எழுந்தபோது, பூரணலிங்கம் பிள்ளையுடன் சேர்ந்து போராடித் தடுத்தார். தமிழ் உயர்தனிச் செம்மொழி என்று நிலைநாட்டி எழுதினார். அடுத்த ஆண்டே, 1903 நவம்பர் 2-ஆம் நாள், காசநோயால் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 33. இந்திய அரசு தமிழைச் செம்மொழியாக அறிவித்தது 2004-இல்தான். அதனைக் காண அவர் இல்லை.

தோழியரே, ஆண்டுவிழா நாடகம் என்றால் நாம் அனைவரும் அரசி வேடத்திற்கே போட்டியிடுகிறோம். சிறையில் தோற்றுக் கிடப்பவனின் வேடத்தை யாரும் விரும்புவதில்லை. ஆனால் பார்ப்பவர் நெஞ்சில் நெடுநாள் நிற்பது அவ்வேடமாகவும் இருக்கலாம் என்பதை, நம் மதுரை மண்ணில் பிறந்த இவ்வறிஞரிடம் நான் கற்றேன்.

— பத்தாம் வகுப்பு மாணவி