கல்லில் தளிர்த்த கானகம்

மேற்குப் பஞ்சாபின் பேரா என்னும் ஊரில் 1891 நவம்பர் 14 அன்று பிறந்தவர் பீர்பல் சாஹ்னி. இன்று பாகிஸ்தானில் உள்ள அவ்வூருக்கு அண்மையில் புதைபடிவங்கள் மிகுந்த உப்புமலைத் தொடர் உள்ளது. தந்தை ருசிராம் சாஹ்னி லாகூர் அரசுக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். பிள்ளைகளை இமயமலைப் பயணங்களுக்கு அழைத்துச் சென்றவர். மகன் ஐ.சி.எஸ். அதிகாரியாக வேண்டுமென்பது அவர் விருப்பம். மகனின் நாட்டமோ தாவரங்களின்மேல் இருந்தது. தந்தை இசைந்தார்.

1911இல் கேம்பிரிட்ஜ் சென்ற சாஹ்னி, பேராசிரியர் சீவார்டிடம் தொல்தாவரவியல் பயின்றார். லண்டன் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்ஸி. பட்டம் பெற்று 1919இல் தாயகம் திரும்பினார். அத்துறைக்கென இந்தியாவில் தனி நிறுவனம் ஏதும் இல்லாத காலம் அது. விரும்பிய துறையில் வாழவேண்டுமாயின், அத்துறையையே இங்கு வளர்த்தெடுக்க வேண்டியிருந்தது. 1921இல் லக்னோ பல்கலைக்கழகத் தாவரவியல் துறைத் தலைவராகப் பொறுப்பேற்று, அப்பணியைத் தொடங்கினார்.

தொல்பழங்காலத் தாவரம் முழுமையாகக் கிடைப்பது அரிது. இலை ஓரிடத்திலும் தண்டு வேறோரிடத்திலும் விதை மற்றோரிடத்திலும் கல்லாகிக் கிடக்கும். ஒவ்வொன்றும் தனிப்பெயர் பெற்றுவிடும். சிதறிய அவ்வுறுப்புகள் ஒரே தாவரத்துக்கு உரியவை என நிறுவுவதில் சாஹ்னி வல்லவர். ராஜ்மகால் குன்றுகளின் படிவங்களைக் கொண்டு, 1932இல் வில்லியம்சோனியா இனத் தாவரம் ஒன்றை முழுவடிவில் மீட்டமைத்து, அதற்குத் தம் ஆசிரியர் சீவார்டின் பெயரைச் சூட்டினார். 1936இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அதே குன்றுகளில் கிடைத்த தண்டு, இலை, விதைகளை இணைத்து, 1948இல் பென்டாக்ஸிலே என்னும் புதிய தாவரக் குழுவை அறிவித்தார்.

அவருடைய முடிவுகள் யாவும் நிலைக்கவில்லை. பிறந்த ஊரை ஒட்டிய உப்புமலைத் தொடரின் உப்புப் படுகைகள் காலத்தால் மிகப் பிற்பட்டவை என 1940களில் வாதிட்டார். அவை கேம்பிரியன் காலத்தை ஒட்டிய தொன்மை உடையவை என்பதே பின்னர் உறுதியாயிற்று.

1946இல் தம் நூல்களையும் படிவத் தொகுப்பையும் வழங்கி, மனைவி சாவித்திரியின் துணையோடு லக்னோவில் ஆய்வு நிறுவனம் நிறுவினார். 1949 ஏப்ரல் 3 அன்று பிரதமர் நேரு அதன் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார். பல நாட்டுப் புதைபடிவங்களைப் பதித்துச் சாஹ்னியே உருவாக்கிய கல் அது. ஒரே வாரத்தில், ஏப்ரல் 10 அன்று, மாரடைப்பால் மறைந்தார். கணவர் தொடங்கிய பணியைச் சாவித்திரி ஏற்று நடத்தினார். 1953 ஜனவரியில் நேருவே வந்து கட்டடத்தைத் திறந்துவைத்தார். சாஹ்னியின் பெயர் தாங்கி அந்நிறுவனம் இன்றும் இயங்குகிறது. அவர் நாடு திரும்பிய நாளில் இல்லாத ஓரிடம், இன்று அத்துறையை நாடும் இளையோருக்கு உண்டு.