டாக்டர் தாஹா ஹுசேன்

பிறநாட்டு இலக்கியத்தைத் தம் மாணாக்கர்க்குப் போதிக்கப் புகும் ஆசிரியர்க்கு இடர்கள் இரண்டுண்டு. அந்நூல்களை அறிந்தோர் சிலர். அவற்றை அறிதலே தம் மரபுக்கு இழுக்கென எண்ணுவோர் பலர். இவ்விரண்டையும் கண்ணொளியின்றியே எதிர்த்து நின்றவர் எகிப்து தேசத்து டாக்டர் தாஹா ஹுசேன் ஆவர்.

இவர் 1889-ம் ஆண்டில் மேல் எகிப்திலுள்ள சிற்றூரொன்றில், பதின்மூன்று மக்களுள் ஏழாமவராய்ப் பிறந்தார். இளம் பருவத்திற் கண்ணோய் கண்டது. கிராமத்து நாவிதன் செய்த சிகிச்சையால் பார்வை முற்றும் ஒழிந்தது. எனினும் செவிவழியாகவே குர்ஆன் முழுவதையும் மனனஞ் செய்தார். 1902-ல் கெய்ரோ நகரத்து அல்-அஸ்ஹர் கலாசாலையிற் சேர்ந்தார். அங்குள்ள பழைய முறைப் படிப்பில் மனநிறைவு கொள்ளாராய், 1908-ல் தொடங்கப்பெற்ற எகிப்து சர்வகலாசாலையை நாடினார். தம்மைப் போலவே பார்வையிழந்த அரபுக் கவிஞர் அல்-மஅர்ரியைப் பற்றி ஆராய்ந்து, 1914-ல் அச்சர்வகலாசாலையின் முதல் டாக்டர் பட்டத்தைப் பெற்றார்.

அவ்வாண்டே பிரான்சு சென்றார். அங்கு சூஸான் என்னும் நங்கையார் அவருக்கு நூல்களைப் படித்துக் காட்டி உதவினார். 1917-ல் அவருக்கே வாழ்க்கைத் துணைவியுமாயினார். பாரிஸ் மாநகரத்துச் சொர்போனில் இப்னு கல்தூனைப் பற்றி எழுதி மற்றுமொரு டாக்டர் பட்டமும் பெற்று, 1919-ல் தாய்நாடு திரும்பினார்.

எகிப்து 1882 முதல் ஆங்கிலேயர் ஆதிக்கத்திலிருந்தமையின் ஆங்கிலம் பள்ளிகளிற் செல்வாக்குற்றிருந்தது. ஆயினும் மேனாட்டிலக்கியத்தின் வேராகிய கிரேக்க நூல்களை மாணாக்கர் அறியார். கிரேக்க ரோம சரித்திரம் போதிக்க நியமிக்கப்பெற்ற தாஹா ஹுசேன், கிரேக்க நாடகப் பகுதிகளை அரபு மொழியில் 1920-ல் வெளியிட்டார். பின்னர் சோபகிளீஸ் இயற்றிய நாடகங்களையும் மொழிபெயர்த்தார்.

நிற்க, பிரெஞ்சு ஞானி தெக்கார்த்தின் ஐயுறு நெறியைப் பின்பற்றி, இஸ்லாத்திற்கு முந்திய அரபுக் கவிதைகளிற் பெரும்பாலன பிற்காலத்தார் புனைந்தவை என 1926-ல் எழுதினார். நாடெங்கும் பெருங்கிளர்ச்சி மூண்டது. வழக்கு விசாரணை 1927-ல் கைவிடப்பட்டது. நூலோ திருத்தப்பெற்றே மீண்டும் வெளிவந்தது. 1932-ல் அரசாங்கம் அவரைக் கலைப்பகுதித் தலைமையினின்றும் நீக்கிற்று. அதனைக் கண்டித்துச் சர்வகலாசாலைத் தலைவர் லுத்பி அல்-ஸய்யித் தம் பதவியையே துறந்தார். சில ஆண்டுகளில் தாஹா ஹுசேன் மீண்டும் அப்பதவியை அடைந்தார்.

எகிப்தின் கல்வி எதிர்காலம் பற்றி 1938-ல் அவர் வெளியிட்ட நூல், தொடக்கப் பள்ளியில் தாய்மொழியே வேண்டுமென்றும், உயர்தரப் பள்ளியில் ஆங்கிலம், பிரெஞ்சு என்னும் இரண்டோடு அமையாது பிற ஐரோப்பிய மொழிகளும் வேண்டுமென்றும், சர்வகலாசாலையிற் கிரேக்கமும் இலத்தீனும் வேண்டுமென்றும் வற்புறுத்தியது. 1950-ல் கல்வி மந்திரியாகி, உயர்தரப் பள்ளிகளிற் சம்பளத்தை ஒழித்தார். 1973-ம் ஆண்டு அக்டோபர் 28-ம் நாள் காலமானார்.

மேனாட்டுக் கல்வி அவரை அரபு மொழியினின்றும் பிரித்ததா? இல்லை. அவர்தம் இளமை வரலாறாகிய 'நாட்கள்' இக்கால அரபு உரைநடைக்கு அணிகலனாய்த் திகழ்கின்றது. பிறமொழி பயிலும் மாணவ நண்பர்காள்! அயலார் இல்லத்து விளக்கில் ஏற்றிய சுடரைத் தம் இல்லத்திற்கே கொணர்ந்த இப்பெரியாரை நாமும் நினைவிற் கொள்வோமாக.