வண்டுகளுக்குக் கிறிஸ்துமஸ் விழா எடுத்தவர்

வடமதுரைப் பக்கத்து வேலமரங்களில் மழைக்காலத்தே பொன்வண்டு பிடித்து, தீப்பெட்டியில் அடைத்துத் தழையிட்டு வளர்த்தோர் நம்முள் பலர் உளர். சில நாளில் வண்டு மடியும். அதன் பச்சைச் சிறகு மட்டும் ஒளி மங்காதிருக்கும். மடிந்த வண்டு மீண்டும் நடவாதோ என்று ஏங்காத சிறுவன் யார்? அவ்வேக்கத்தைச் சலனப்படத்தில் தீர்த்துவைத்த ஒருவருடைய சரிதத்தை ஈண்டு வரையப் புகுகின்றேன்.

விளாதிஸ்லாவ் ஸ்டாரெவிச் 1882-ஆம் ஆண்டு மாஸ்கோ நகரில் போலந்து மரபினரான பெற்றோர்க்குப் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்து, இன்று கௌனாஸ் எனப்படும் லிதுவேனியா நாட்டு நகரில் வளர்ந்தார். அங்கு இயற்கைப் பொருட்காட்சிச் சாலையில் பணிபூண்டிருக்கையில், 1910-இல், மான்கொம்பு போன்ற தாடையுடைய வண்டுகள் பொருவதைப் படம்பிடிக்க முயன்றார். இரவில் திரியும் அவ்வண்டுகளோ, விளக்கொளி பட்டதும் அசையாது கிடந்தன. அவர் மனந்தளர்ந்தாரல்லர். இறந்த வண்டுகளின் கால்களைக் கழற்றி, கம்பியும் மெழுகுங் கொண்டு மறுபடி பொருத்தி, இம்மியளவு நகர்த்துவதும் ஒரு படம் எடுப்பதுமாக அப்போரை நடத்தி முடித்தார். பின்பு மாஸ்கோவில் கான்ஷோன்கோவ் என்பாரின் படச்சாலையில் அமர்ந்தார். உயிருள்ள பூச்சிகளையே பழக்கி ஆட்டுகின்றார் என்று மயங்கினாரும் உண்டாம்.

1913-இல் வெளிவந்த அவருடைய பூச்சிகளின் கிறிஸ்துமஸ் படம் ஏறக்குறைய 6 நிமிடமே ஓடுவது. வினாடிக்கு 16 படம் என்று கணக்கிடினும் ஐயாயிரம் முறைக்கு மேல் அக்கை அச்சிற்றுடல்களைத் தொட்டிருத்தல் வேண்டும். வீட்டார் உறங்கும் இரவில், மரத்தில் தொங்கும் கிறிஸ்துமஸ் தாத்தா பொம்மை உயிர்பெற்று இறங்குகிறது. பனி மூடிய காட்டிற்குச் சென்று ஒரு மரத்தை அலங்கரிக்கிறது. துயிலும் பூச்சிகளையும் ஒரு தவளையையும் எழுப்பிப் பரிசளிக்கிறது. அவை பனிக்கட்டிமேல் சறுக்கி விளையாடுகின்றன. பின் பொம்மை தன் மரத்திற்கே திரும்புகிறது.

நம் திருச்சிராப்பள்ளியில் 1905-இல் சாமிக்கண்ணு வின்சென்ட் திரையிட்டது இயேசுவின் சரிதமே. இதிலோ தொழுவமும் இல்லை, தேவதூதரும் இல்லை. ஆயினும், உயரத்தினின்று இறங்கி, எவரும் அழையாத சிற்றுயிர்களைத் தேடிச் செல்வாரைக் காணுங்கால் யார் நினைவு எழும் என்பதைக் கிறிஸ்தவ மாணவர்க்கு யான் உரைக்க வேண்டுவதில்லை. ஸ்டாரெவிச் அவ்வாறு கருதினாரென்று சாதிக்க வரவில்லை; எனக்குப் புலப்பட்ட பொருள் அது. ஒன்று மட்டும் நெஞ்சை உறுத்துகின்றது: அவ்விழாவில் களிக்கும் வண்டுகள் இறந்த வண்டுகளே. இதனைக் கொடுமை என்பதோ, உயிர்த்தெழுதலின் சாயல் என்பதோ? நண்பரிடம் இருமுறை வாதித்தும் ஒரு முடிவுக்கு வந்திலேன்.

1917-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப்பின் ஸ்டாரெவிச் ருஷியாவைத் துறந்து, இத்தாலி வழியே பிரான்சு அடைந்து, பாரிசுக்கு அருகே குடியேறினார். மகள் இரேன் உடனுழைத்தார். பல்லாண்டு உழைப்பில் உருவான அவரது நரிக்கதைப் படம் 1937-இல் பெர்லினில் அரங்கேறியது. 1965-இல் அவர் காலமான போது, நாயும் பூனையும் நடிக்கும் படமொன்று பாதியில் நின்றிருந்தது.